சிலைகளை அகற்றுவதா, வைத்திருப்பதா? இந்த விவாதத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு

அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில் அல்பர்ட் பைக் என்பவரின் சிலை 2025 ஒக்டோபர் மாதம் மீண்டும் அதன் பழைய பீடத்தில் ஏற்றி வைக்கப்பட்டது. 2020 ஜூன் 19ஆம் திகதி இரவு ஆர்ப்பாட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தித் தீயிட்ட அதே சிலைதான் இது. அடிமை முறையைப் பாதுகாப்பதற்காக அமெரிக்காவிலிருந்து பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களின் படையில் பைக் ஒரு தளபதியாக இருந்தவர். அந்தச் சிலையை அகற்றுமாறு வொஷிங்டன் நகர சபை 1992ஆம் ஆண்டே கேட்டுக்கொண்டது. ஆனால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமானது. அதனால் நகர சபையின் கோரிக்கை எடுபடவில்லை. மக்கள் கீழே இழுத்துப் போட்டார்கள். ஐந்து வருடங்களின் பின்னர் அரசாங்கம் திருப்பி வைத்துவிட்டது.

ஒரு கூட்டம் வீழ்த்தியதை ஓர் ஆட்சி நிமிர்த்தியிருக்கிறது. நாளை இன்னோர் ஆட்சி வந்து மீண்டும் அகற்றக்கூடும். இதில் எங்குமே அந்த நகரத்து மக்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்ததாக இல்லை. சிலை விவாதம் உலகம் முழுவதும் சிக்கிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான்.

"சிலைகளுக்கும் எமக்கும் என்ன சம்பந்தம், நாம் சிலை வைப்பதும் இல்லை, வணங்குவதும் இல்லை" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த விவாதம் கல்லையும் வெண்கலத்தையும் பற்றியது மட்டுமல்ல. பொது இடத்தில் யாருடைய ஞாபகம் நிற்கலாம், யாருடையது நிற்கக் கூடாது, அதைத் தீர்மானிப்பது யார் என்பதே அதன் உள்ளடக்கம். அந்தக் கேள்வி இலங்கை முஸ்லிம்களுக்கு ஒன்றும் புதிதல்ல.

பிரிஸ்டல் நகரில் நடந்தது

இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள மிகவும் பொருத்தமான உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுக நகரம். அங்கே எட்வர்ட் கொல்ஸ்டன் என்ற வணிகரின் வெண்கலச் சிலை நகர மத்தியில் நின்றது. 1636இல் பிறந்து 1721இல் இறந்த கொல்ஸ்டன், தனது செல்வத்திலிருந்து பாடசாலைகளுக்கும் ஏழைகளுக்கான விடுதிகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஏராளமாக வாரி வழங்கியவர். அவரது பெயரில் வீதிகள், பாடசாலைகள், ஒரு பிரபலமான இசை மண்டபம் என்று நகரம் முழுவதும் அடையாளங்கள் இருந்தன.

அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சிலையின் பீடம் சொல்லவில்லை. கொல்ஸ்டன் 1680இல் ரோயல் ஆபிரிக்கன் கம்பனியில் சேர்ந்து, பின்னர் அதன் உதவி ஆளுநராகவும் பதவி வகித்தார். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து அட்லாண்டிக் கடலைக் கடந்து விற்பதில் பிரித்தானியாவின் ஏகபோக உரிமை அந்தக் கம்பனியிடம் இருந்தது. அவர் அதில் தொடர்பு வைத்திருந்த காலத்தில் சுமார் 84,000 ஆபிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்றும், அவர்களில் 19,000 பேர் வரை வழியிலேயே இறந்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். சிலையின் பீடத்திலோ அவர் நகரத்தின் நற்பண்பும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பொறிக்கப்பட்டிருந்தது.

பிரிஸ்டல் மக்களில் ஒரு சாரார் பல வருடங்களாக இதைச் சுட்டிக்காட்டி வந்தார்கள். மனுக்கள் கையெழுத்திடப்பட்டன. சிலையை அகற்றாவிட்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லும் ஒரு பலகையையாவது பொருத்துங்கள் என்ற யோசனை 2018இல் முன்வந்தது. அந்தப் பலகையில் என்ன எழுதுவது என்பதிலேயே ஒரு வருடம் இழுபட்டது. கொல்ஸ்டன் அங்கம் வகித்த பழைய வணிகர் சங்கத்தின் தரப்பும் வாசகங்களை மென்மையாக்க முயன்றது. கடைசியில் அந்த வாசகம் ஏற்கத்தக்கதல்ல என்று 2019இல் நகர மேயரே திட்டத்தை நிறுத்தினார். பலகையும் வரவில்லை, சிலையும் அசையவில்லை.

2020 மே 25ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டார். இரண்டு வாரங்கள் செல்வதற்குள், ஜூன் 7ஆம் திகதி, பிரிஸ்டலில் ஊர்வலம் சென்றவர்கள் கொல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி வீழ்த்தி, உருட்டிச் சென்று துறைமுகத்தில் தள்ளினார்கள். ஒரு காலத்தில் அடிமை வணிகக் கப்பல்கள் புறப்பட்ட அதே துறைமுகம்.

அதற்குப் பிறகு நடந்தவை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது அவற்றைத்தான். நகர சபை நான்கு நாட்களில் சிலையை நீரிலிருந்து மீட்டது. பூசப்பட்ட வர்ணத்தைக் கழுவவில்லை, சிதைந்த பகுதிகளைச் செப்பனிடவில்லை. 2021இல் நகர நூதனசாலையில் அதைப் படுத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்து, இதை என்ன செய்யலாம் என்று மக்களிடம் கேட்டது. ஏறத்தாழ 14,000 பேர் பதிலளித்தார்கள். பதிலளித்த நகரவாசிகளில் ஐந்தில் நான்கு பேர் நூதனசாலையே அதற்குரிய இடம் என்றார்கள். இன்று அது அங்கேதான் இருக்கிறது. சிலையை வீழ்த்தியதற்காக வழக்குத் தொடரப்பட்ட நால்வரை 2022 ஜனவரி மாதம் ஜூரிகள் விடுவித்தார்கள். அதே வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த விடுதலையை மாற்றாமலே, பாரிய அளவிலான சொத்துச் சேதத்துக்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை பாதுகாப்பளிக்காது என்று சட்ட நிலையைத் தெளிவுபடுத்தியது. நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவோருக்குப் பத்து வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய சட்டமும் அவ்வருடமே வந்தது.

ஆக, பிரிஸ்டல் மக்கள் இறுதியில் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் சிலை கீழே விழுந்த பின்னர்தான் அந்தப் பேச்சு உருப்படியாக ஆரம்பித்தது.

வரலாறு அழிகிறதா?

சிலை அகற்றலை எதிர்ப்பவர்கள் முன்வைக்கும் முதலாவது வாதம், இது வரலாற்றை அழிக்கும் செயல் என்பது. கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் கொல்ஸ்டன் சிலை எப்போது நிறுவப்பட்டது என்று பாருங்கள். 1895இல். அவர் இறந்து 174 வருடங்களுக்குப் பிறகு! அப்போது பிரித்தானியா அடிமை முறையை ஒழித்து அறுபது வருடங்கள் கடந்திருந்தன. அதாவது அந்த வணிகம் பெரும் பாவம் என்று சட்டமே சொல்லிவிட்ட பின்னர், அதைத் தெரிந்துகொண்டே, நகரத்தின் செல்வந்தர் சிலர் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலைக்கான பணத்தைச் சேர்க்கக்கூட அவர்கள் சிரமப்பட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. தென் மாநிலப் படைகளின் தளபதி ரொபர்ட் ஈ. லீயின் சிலை ரிச்மண்ட் நகரில் 1890இலும், சார்லட்ஸ்வில் நகரில் 1924இலும் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டு, பாடசாலையும் பேரூந்தும் நிறத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. போரில் தோற்றவர்களின் தளபதியைக் குதிரை மீது ஏற்றி நகர நடுவில் நிறுத்தியது, அந்தத் தெருவில் நடந்து செல்லும் கறுப்பின மக்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு செய்தி.

எனவே சிலை என்பது வரலாறு அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அதிகாரத்தில் இருந்தவர்கள் வரலாற்றைப் பற்றிச் சொன்ன கருத்து அது. புத்தகம், ஆவணம், நூதனசாலை ஆகியவை வரலாற்றைச் சொல்கின்றன. உயரமான பீடம் மரியாதையைச் சொல்கிறது. மரியாதையைத் திரும்பப் பெறுவதால் வரலாறு அழிந்துவிடாது. கொல்ஸ்டன் யார் என்பதை 2020இன் பின்னர்தான் உலகில் பெரும்பாலானோர் அறிந்துகொண்டார்கள் என்பதே இதற்குப் போதுமான சான்று.

அதேநேரம் மறுபக்க வாதத்திலும் ஒரு நியாயம் இருப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். குறையில்லாத மனிதர் எவரும் இல்லை. இன்றைய அளவுகோலால் அளந்தால் எந்தப் பீடமும் மிஞ்சாது. கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தியின் சிலை, ஆபிரிக்கர்களைப் பற்றி இளவயதில் அவர் எழுதிய இழிவான கருத்துகளைக் காரணம் காட்டி 2018இல் அகற்றப்பட்டது. காந்தியையும் கொல்ஸ்டனையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? முடியாது. காந்தி நினைவுகூரப்படுவது அந்தக் கருத்துகளுக்காக அல்ல, அவர் பின்னர் நடத்திய போராட்டத்துக்காக. லீ நினைவுகூரப்படுவதோ அடிமை முறையைக் காப்பதற்கான போரை நடத்தியதற்காகவே. ஒருவரிடம் குறை இருந்ததா என்பதைவிட, எந்தச் செயலுக்காக அவர் பீடத்தில் ஏற்றப்பட்டார் என்பதே முக்கியமான கேள்வி.

உலகம் கண்ட வழிகள்

அகற்றுவது, அப்படியே வைத்திருப்பது என்ற இரண்டு வழிகள் மட்டும்தான் இருப்பதாக நினைப்பது தவறு. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் செசில் ரோட்ஸின் சிலைக்கு எதிராக மாணவர்கள் 2015 மார்ச் மாதம் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பல்கலைக்கழகப் பேரவை கூடி விவாதித்து வாக்களித்தது. ஏப்ரல் 9ஆம் திகதி பாரந்தூக்கியைக் கொண்டு வந்து முறைப்படி அகற்றினார்கள்.

அதே ரோட்ஸின் சிலை ஒக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரி முகப்பிலும் இருக்கிறது. 2020இல் கல்லூரி நிர்வாகம் அதை அகற்ற விரும்புவதாக அறிவித்தது. 2021இல் செலவையும் சட்டச் சிக்கல்களையும் காரணம் காட்டிப் பின்வாங்கியது. சிலை நிற்கிறது, அருகே விளக்கப் பலகை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. இதில் இரண்டு தரப்புமே திருப்தியடையவில்லை.

ஹங்கேரியில் கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின்னர் லெனின் உள்ளிட்ட தலைவர்களின் சிலைகளைப் புடாபெஸ்ட் நகருக்கு வெளியே ஒரு பூங்காவில் ஒன்றாக வைத்தார்கள். 1993இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா, சர்வாதிகாரம் தன்னைத் தானே எப்படிப் போற்றிக்கொண்டது என்பதைக் காட்டும் பாடமாக இன்றும் இருக்கிறது. டில்லியில் இந்தியா கேட் அருகே மண்டபத்தின் கீழ் நின்ற ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சிலை 1960களில் நகருக்கு வெளியே உள்ள முடிசூட்டுப் பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மண்டபம் பல தசாப்தங்கள் வெறுமையாகவே நின்றது. 2022இல் அங்கே சுபாஷ் சந்திர போஸின் சிலை வைக்கப்பட்டது.

சார்லட்ஸ்வில் நகரம் இதற்குக் கொடுத்த விலை பெரியது. லீயின் சிலையை அகற்ற நகர சபை 2017 பெப்ரவரியில் வாக்களித்தது. அதை எதிர்த்து வெள்ளையினத் தீவிரவாதிகள் ஓகஸ்ட் மாதம் அங்கே திரண்டார்கள். அவர்களில் ஒருவன் எதிர்ப்பாளர் கூட்டத்தின் மீது காரை ஏற்றியதில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். வழக்குகள், சட்டத் திருத்தம் எல்லாம் கடந்து 2021 ஜூலையில்தான் சிலை இறக்கப்பட்டது. 2023இல் அது உருக்கப்பட்டது.

கொழும்பு நூதனசாலை வாசலில்

இனி எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் சென்றவர்கள் அதன் முன்றலில் ஒரு வெள்ளைக்காரரின் சிலையைப் பார்த்திருப்பார்கள். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் வில்லியம் கிரகரிதான் அவர். நூதனசாலையை நிறுவியவர். வடமத்திய மாகாணத்தை உருவாக்கிப் பாழடைந்து கிடந்த குளங்களைப் புனரமைக்க வழிசெய்தவர். இங்கே அவருக்கு நல்ல பெயர்.

ஆனால் அயர்லாந்தில் அவரது பெயரைச் சொன்னால் கதை வேறு. 1847இல், உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அவர் ஒரு சட்டப் பிரிவைக் கொண்டு வந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அரச நிவாரணம் கிடையாது என்பதே அது. பட்டினி கிடந்த குடியானவர்கள் பிள்ளைகளின் வயிற்றுக்காக நிலத்தைக் கைவிட்டார்கள். நிலத்தோடு வீடும் போனது. அயர்லாந்து வரலாற்றில் அந்தப் பிரிவு இன்றும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அப்படியானால் கொழும்பில் அவரது சிலையை அகற்ற வேண்டுமா? இங்கே அவர் நினைவுகூரப்படுவது நூதனசாலைக்காக. அந்தச் சிலையால் இந்நாட்டில் எவரும் அவமதிக்கப்படவில்லை. எனவே அகற்றத் தேவையில்லை என்பேன். ஆனால் முழு உண்மையையும் சொல்லும் ஒரு பலகை அங்கே இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

அந்தப் பலகையில் இன்னொரு பெயரும் இருக்க வேண்டும். நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார். பின்னர் கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் ஸ்தாபகர்களில் ஒருவராகவும் விளங்கிய பெருமகன். கட்டடத் திறப்பின்போது, உங்களுக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்பதை மட்டுமே மரைக்கார் கேட்டதாகவும் எமது சமூகத்தில் வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. நூதனசாலை நீண்ட காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது.

ஆளுநருக்குச் சிலை கிடைத்தது. கட்டியவர் ஜும்ஆவுடைய நாளைக் கேட்டார். நாம் சிலை வைக்காத சமூகம் என்பதால் ஞாபகம் இல்லாத சமூகம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் வாயால் சொல்லப்படும் ஞாபகம் ஒரு தலைமுறை மறந்தால் போய்விடும். சிலை மறதியைத் தாங்கி நிற்கும். இந்த வேறுபாட்டின் விலையை நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எமக்கு முறைப்பாடு உள்ள சிலை

பிறருடைய சிலைகளைப் பற்றிப் பேசுவது இலகு. எமக்கே மனத்தாங்கல் உள்ள ஒரு சிலையைப் பற்றிப் பேசுவோம். பழைய பாராளுமன்ற வளாகத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் சிலை நிற்கிறது. 1888இல் அவர் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஆற்றிய உரையில், இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று வாதிட்டார். சட்டவாக்கப் பேரவையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வழங்குவது பற்றிப் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கோரிக்கையை மறுப்பதற்கான வாதமாகவே எமது முன்னோர்கள் அதைப் பார்த்தார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு விரிவான மறுப்பை எழுதி வெளியிட்டார்.

பின்னர் 1915 மே மாத இறுதியில் கண்டியில் ஆரம்பித்த முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டது. இராமநாதன் லண்டன் சென்று அந்தத் தலைவர்களுக்காக வாதாடினார். அவர் நாடு திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்துச் சென்றார்கள் என்பது பாடப் புத்தகத்தில் தேசிய ஒற்றுமையின் காட்சியாக வருகிறது. கடையும் வீடும் எரிந்து நின்ற முஸ்லிம் வணிகன் அந்தக் காட்சியில் எங்கே நின்றான் என்பது அங்கே சொல்லப்படுவதில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இராணுவச் சட்டத்தின் கீழ் விசாரணை என்ற பெயரில் பெரும் அநீதிகள் நடந்தன. ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவற்றை எதிர்த்து ஒரு சட்டத்தரணி குரல் கொடுத்தது தவறல்ல. பெண் கல்விக்கு இராமநாதன் செய்த பணியும் சிறியதல்ல. அவர் முஸ்லிம்களின் எதிரி என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிட முடியாது. அதேபோல் அவர் முழு நாட்டினதும் மாசற்ற வீரர் என்ற வரியும் எமது அனுபவத்தோடு ஒத்துவராது.

அந்தச் சிலையை அகற்றச் சொல்ல வேண்டுமா? என் பதில் இல்லை என்பதே. தமிழ் மக்களுக்கு அது அவர்களது பங்களிப்பின் அடையாளம். அதை அகற்றுவதால் 1915 பற்றி ஒரு சிங்களப் பிள்ளையோ தமிழ்ப் பிள்ளையோ புதிதாக எதையும் அறியப் போவதில்லை. முஸ்லிம் பிள்ளைகூட அறியாது. எமது கோரிக்கை வேறாக இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் 1915 முழுமையாக எழுதப்பட வேண்டும். யார் சிறை சென்றார்கள் என்பதோடு, யாருடைய கடை எரிந்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்துல் அஸீஸின் மறுப்பு எத்தனை பாடசாலை நூலகங்களில் இருக்கிறது என்று முதலில் எம்மை நாமே கேட்டுக்கொள்வதும் நல்லது.

எமக்கு ஏன் கூடுதல் எச்சரிக்கை தேவை

பிரிஸ்டல் காட்சிகளைக் கண்டு மகிழ்ந்த எமது இளைஞர்கள் பலர். அந்த உணர்வைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இலங்கையில் சிலை உடைப்பு என்ற சொல்லுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு.

2018 டிசம்பரில் மாவனெல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. அதைச் செய்த இளைஞர்களைத் தேடிச் சென்ற விசாரணைதான் அடுத்த மாதம் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்பட வழிவகுத்தது. அதற்குப் பிறகு 2019 ஏப்ரலில் என்ன நடந்தது என்பதையும், அந்தச் சிலரின் குற்றத்துக்கு முழுச் சமூகமும் கொடுத்த விலையையும் இங்கே விபரிக்கத் தேவையில்லை. 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியானில் தலிபான்கள் புத்தர் சிலைகளைத் தகர்த்தபோதும் இந்நாட்டு முஸ்லிம்கள்தான் அயலவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

எனவே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். ஒரு சமயத்தவர் வணங்கும் உருவம் இந்த விவாதத்துக்குள் வரவே கூடாது. கொல்ஸ்டனும் லீயும் ரோட்ஸும் பொதுப் பணத்தில் அல்லது பொது நிலத்தில் நிறுத்தப்பட்ட அரசியல் அடையாளங்கள். அவற்றை விவாதிக்கும் உரிமை அந்தத் தெருவில் நடக்கும் எல்லோருக்கும் உண்டு. வணக்கத்துக்குரியது அதை வணங்குவோருக்கு உரியது. இந்த இரண்டையும் குழப்புபவன் எந்தத் தரப்பில் இருந்தாலும் அவன் எமக்கு ஆபத்தானவன்.

கூட்டமாகத் திரண்டு உடைப்பது என்ற முறை எம்மை நோக்கித் திரும்பிய நாட்களும் நினைவில் இருக்கட்டும். 2011 செப்டம்பரில் அநுராதபுரத்தில் ஒரு சியாரத்தைப் பிக்குகளின் தலைமையில் வந்த ஒரு கூட்டம் இடித்தது. அந்த நிலம் 2,000 வருடங்களுக்கு முன்னர் பௌத்தர்களுக்கு வழங்கப்பட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். 2012இல் தம்புள்ளைப் பள்ளிவாசலுக்கு முன்னால் கூட்டம் திரண்டது. 2019இன் பின்னர் அரபு எழுத்துள்ள பெயர்ப்பலகைகளை அகற்ற உத்தரவு வந்தது. இடித்தவர்களும் வரலாற்றுத் தவறு ஒன்றைத் திருத்துவதாகத்தான் சொன்னார்கள். தொகையில் கூடியவர்களின் கோபமே தீர்ப்பு என்றாகிவிட்டால், தொகையில் குறைந்தவர்கள் என்றுமே அந்தத் தீர்ப்பின் கீழ்தான் வாழ வேண்டியிருக்கும்.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடிக்கப்பட்டது. இடித்தது கூட்டமல்ல, நிர்வாகம். ஆனால் அதுவும் இருட்டில், யாரிடமும் கேட்காமல் நடந்தது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்று நாட்களில் புதிய தூபிக்கு அடிக்கல் நாட்ட நேர்ந்தது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தபோது உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் போர்க்கால நினைவுச் சின்னங்கள் பற்றிச் சொல்வதற்கு வேறு வார்த்தைகள் இருக்கும். அந்த வேதனை உண்மையானது. ஆனாலும் இறந்த பிள்ளைக்காக ஒரு தாய் அழும் இடத்தை இரவில் இயந்திரத்தால் இடிப்பதை, ஷஹீதானவர்களின் குண்டுத் துளைகளைப் பள்ளிச் சுவரில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கும் ஒரு சமூகம் நியாயப்படுத்த முடியாது.

2022 மே 9ஆம் திகதி இரவு தங்காலையில் டீ.ஏ. ராஜபக்ஷவின் சிலை வீழ்த்தப்பட்டது. நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்ற மக்களின் கோபம் அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சிலை விழுந்ததால் நாட்டின் கடன் எப்படி வந்தது என்ற கணக்கில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெளிவாகவில்லை.

வாசல் மூடியிருந்தால்

இங்கே ஒரு நேர்மையான எதிர்க் கேள்வி உண்டு. பிரிஸ்டலில் மக்கள் முறைப்படி எல்லாம் செய்து பார்த்தார்களே, மனு கொடுத்தார்கள், பலகையாவது கேட்டார்கள், எதுவும் நடக்கவில்லையே, உடைத்த பின்னர்தானே நடந்தது? வொஷிங்டனிலும் 1992 முதல் கேட்டும் கிடைக்கவில்லையே?

உண்மைதான். முறையான வழி இருக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது. அந்த வழி வேலை செய்ய வேண்டும். கேப்டவுனில் பேரவை ஒரு மாதத்துக்குள் கூடி முடிவெடுத்தது. பாரந்தூக்கி வந்தது, யாரும் கயிறு கொண்டு வர வேண்டியிருக்கவில்லை. பிரிஸ்டலில் ஒரு பலகைக்கே வருடக் கணக்கில் வாசல் மூடப்பட்டிருந்தது. கூட்டத்தின் மீது மட்டும் பழி போட்டு, வாசலை மூடி வைத்திருந்தவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

இதிலிருந்து எமது நாட்டுக்குப் பெறக்கூடிய பாடங்கள் எளிமையானவை. ஒரு வீதிக்குப் பெயர் வைக்கும்போதும் மாற்றும்போதும், ஒரு நினைவுச் சின்னத்தை அமைக்கும்போதும் அகற்றும்போதும், உள்ளூராட்சி சபை பகிரங்கமாக அறிவித்து எல்லாச் சமூகத்தவரதும் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு கால எல்லை வேண்டும். முடிவுக்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அகற்றப்படும் எதுவும் அழிக்கப்படாமல் நூதனசாலைக்குச் செல்ல வேண்டும். வணக்கத்தலங்களும் இறந்தோரின் நினைவிடங்களும் இந்த நடைமுறைக்கு அப்பாற்பட்டவையாகப் பாதுகாக்கப்பட வேண்டும். இவற்றைக் கோருவதற்கு நாம் பெரும்பான்மையாக இருக்கத் தேவையில்லை. சிறுபான்மையாக இருப்பதால்தான் நாம் முதலில் கோர வேண்டும்.

எமது பக்கத்தில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் பழைய பதிவேடுகள், வக்பு உறுதிகள், கந்தூரிக் கணக்குகள் கிடக்கின்றன. கறையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. 1915ஐப் பற்றியும் 1990ஐப் பற்றியும் பேசக்கூடிய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. முன்னையதை நேரில் கண்டவர்கள் எவரும் இன்று உயிரோடு இல்லை. பின்னையதைக் கண்டவர்களுக்கும் வயதேறிக்கொண்டிருக்கிறது. ஒரு தொலைபேசியை முன்னால் வைத்து அவர்களது குரலைப் பதிவு செய்ய எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த முறை பிள்ளைகளோடு கொழும்பு நூதனசாலைக்குச் செல்பவர்கள் கிரகரியின் சிலைக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அயர்லாந்தில் அவர் செய்ததையும் இங்கே அவர் செய்ததையும் சொல்லுங்கள். பிறகு பின்னால் இருக்கும் வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, அதைக் கட்டியவரின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.